கப்பல் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால்: கப்பல் நிறுவனத்தின் கரைச் சுற்றுலாவா, தனியார் ஏற்பாடா?

கரீபியன் கடலில் ஒரு வாரச் சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டுகிறவர்களில் பலர், பயண நிரலில் உள்ள ஒவ்வொரு துறைமுகமும் தங்களுக்கு உறுதி செய்யப்பட்டுவிட்டதாகவே எண்ணுகிறார்கள். பயண ஒப்பந்தம் அப்படிச் சொல்வதில்லை. எந்தத் துறைமுகத்தையும் தவிர்க்கவும், வரிசையை மாற்றவும், வேறொரு ஊருக்குப் போகவும், அந்த நாளைக் கடலிலேயே கழிக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று ஏறக்குறைய எல்லாக் கப்பல் நிறுவனங்களும் அதில் எழுதி வைத்திருக்கின்றன. எனவே கரையில் சுற்றிப் பார்ப்பதற்கான ஏற்பாட்டைக் கப்பல் நிறுவனத்திடம் செய்வதா, உள்ளூர்த் தனியாரிடம் செய்வதா என்பதை விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்வது போதாது. நிரல் மாறும் நாளில் எது தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்குக் கிராண்ட் கேமன் தீவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பெரிய பயணிகள் கப்பல் அணைவதற்கான மேடை இல்லை. அப்படி ஒன்றைக் கட்டும் யோசனையை 2025 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தார்கள். ஆகவே கப்பல் கரைக்கு அப்பால் நிற்க, பயணிகள் டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஏறிக் கரைக்குப் போகிறார்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்கும் படகுக்கும் இடையே அலை ஏறி இறங்கும்போது, முதியவர்களும் குழந்தைகளும் கால் வைத்து மாறுவது ஆபத்தானது என்று கேப்டன் கருதினால், தீவு கண்ணெதிரே தெரிந்தாலும் கப்பல் திரும்பிவிடும். இந்த அறிவிப்பு பெரும்பாலும் அதே நாள் காலையில்தான் வரும். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று பலமாக வீசும்போது, தீவின் மேற்குக் கரையில் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்குப் பதிலாகத் தென்கரையில் உள்ள ஸ்பாட்ஸ் படகுத்துறையில் பயணிகளை இறக்குவதும் உண்டு.

இத்தீவுக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் விரும்புவது, வடக்கு விரிகுடாவின் மணல்திட்டில் இடுப்பளவு நீரில் நின்று திருக்கை மீன்களைப் பார்க்கும் ஸ்டிங்ரே சிட்டி பயணம். இதே பயணத்தைக் கப்பலிலும் விற்கிறார்கள், உள்ளூர்ப் படகுக்காரர்களும் விற்கிறார்கள். கப்பலில் வாங்கினால் விலை பெரும்பாலும் கூடுதல், கூட்டமும் அதிகம். தனியாரிடம் வாங்கினால் சிறிய படகு கிடைக்கும், திருக்கைகளுக்கு நடுவே நிற்கவும் கூடுதல் நேரம் கிடைக்கும். பயணத்தின் தரத்தை மட்டும் எடைபோட்டால் தனியார் ஏற்பாடே சிறந்தது என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் கப்பல் அங்கே நிற்காமல் போனால் நிலைமை மாறிவிடுகிறது. கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்கான பணம், நீங்கள் எந்தக் கவுண்டருக்கும் போகாமலேயே உங்கள் கப்பல் கணக்குக்கோ அட்டைக்கோ முழுமையாகத் திரும்பிவிடும். ஸ்பாட்ஸுக்கு இடம் மாறினாலும், வண்டிகளை அங்கே அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது. தனியாரிடம் வாங்கியவரின் நிலை, யாரிடம் வாங்கினார் என்பதைப் பொறுத்தது. கப்பல் பயணிகளை நம்பியே தொழில் செய்யும் தீவின் படகுக்காரர்கள் பலர், கப்பல் வராவிட்டால் முழுப் பணத்தையும் தருவதாக வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். சிக்கல் வருவது பொதுவான முன்பதிவுத் தளங்களில்தான். அங்கே '24 மணி நேரத்துக்கு முன்பு வரை இலவச ரத்து' என்ற நிபந்தனையே வழக்கம். கேப்டனின் அறிவிப்பு காலை ஏழு மணிக்கு வந்தால் அந்தக் கெடு முந்தைய நாளே முடிந்திருக்கும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் பணம் கட்டுவதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு.

துறைமுகம் ரத்தாகாமல் நேரம் மட்டும் மாறும் நாட்கள் இன்னும் நுட்பமானவை. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் கப்பல்கள் நேரடியாக மேடையில் அணைகின்றன என்பதால் அங்கே ரத்து குறைவு. எனினும் கொசுமெல் அடங்கிய மாநிலம் ஆண்டு முழுவதும் ஒரே கடிகார நேரத்தைப் பின்பற்றுவதால், கோடைக்காலத்தில் கப்பல் புறப்படும் அமெரிக்க ஊரான மயாமியின் நேரத்துக்கும் கொசுமெல் நேரத்துக்கும் ஒரு மணி நேர வேறுபாடு வரும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் ஓடினால், தனியார் வழிகாட்டியின் 'பத்து மணி' உங்கள் கைக்கடிகாரத்தில் பதினொன்று. இதோடு வருகை நேரமும் தள்ளிப்போனால், வழிகாட்டிக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கப்பல் சுற்றுலாவில் இந்தக் கவலை இல்லை.

திரும்பி வருவதில் தாமதமானால் என்ன ஆகும் என்பதே மிகக் கனமான வேறுபாடு. கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் செலவை நிறுவனம் ஏற்கும். தனியார் சுற்றுலாவுக்கு அந்த உறுதி கிடையாது. 2024 மார்ச் மாதம் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் நார்வீஜியன் டான் கப்பலின் பயணிகள் எட்டுப் பேர் தனியார் சுற்றுலாவிலிருந்து தாமதமாகத் திரும்ப, கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது. அவர்கள் காம்பியாவின் பஞ்சுல் துறைமுகத்தில் ஏறிக்கொள்ளப் பார்த்தார்கள். மோசமான வானிலையாலும் ஓத நிலையாலும் கப்பல் அங்கே அணைய முடியாமல் போனது. கடைசியில் செனகலின் டக்காரில்தான் அவர்களால் கப்பலில் மீண்டும் ஏற முடிந்தது. தவறிய கப்பலை அடுத்த ஊரில் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கும், அடுத்த ஊர் நிரலில் நீடிக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

ரத்தான ஊருக்குப் பதிலாக வேறொரு ஊர் அறிவிக்கப்பட்டால், கப்பலின் சுற்றுலா மேசையில் உடனே புதிய பட்டியல் வரும், வரிசையும் நீளும். தனியாரைத் தேட வேண்டியவர் நடுக்கடல் இணையத்தை நம்ப வேண்டும். எதையும் முன்பதிவு செய்யாமல் இறங்கி நடப்பவருக்கு இழப்பதற்கு எதுவுமில்லை. சிறிய ஊர்களில் அதுவே நல்ல வழி.

துறைமுகம் தவறியதற்கான ஈடு பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். அமெரிக்காவில் ஏறுபவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும் மட்டுமே திரும்பும், அது சிறிய தொகை. அங்கே கப்பல் தொழில் சங்கம் 2013இல் ஏற்ற பயணிகள் உரிமை அறிக்கையும், இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தாவதற்கோ பாதியில் முடிவதற்கோதான் பணம் பற்றிப் பேசுகிறது. ஐரோப்பாவில் தொகுப்புச் சுற்றுலாவாக வாங்கியவருக்கு 2015ஆம் ஆண்டின் சட்ட நெறிமுறை கூடுதல் பிடிமானம் தருகிறது: புறப்படும் முன் முக்கியமான மாற்றம் செய்யப்பட்டால் அபராதமின்றி விலகலாம், பயணத்தின்போது குறை நேர்ந்தால் விலைக் குறைப்பு கேட்கலாம். தவறும் துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட தொகை தரும் காப்பீடுகளும் உண்டு. அந்தப் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரே பயணத்துக்கு ஒரே விதி வைத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. மேடையில் அணையும் கொசுமெல் போன்ற ஊர்களில், புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே திரும்பிவிடும் தனியார் சுற்றுலாவே பணத்துக்கும் மனத்துக்கும் நிறைவு தரும். டெண்டர் படகை நம்பியிருக்கும் ஊர்களில், 'கப்பல் வராவிட்டால் முழுப் பணம்' என்று எழுத்தில் தரும் உள்ளூர்க்காரர் கிடைத்தால் அவரிடமும், கிடைக்காவிட்டால் கப்பலிலும் வாங்கலாம். தொலைதூரம் சென்று கடைசி நேரத்தில் திரும்பும் சுற்றுலா எந்த ஊரில் இருந்தாலும், கூடுதல் விலை கொடுத்துக் கப்பலிடமே வாங்குவது நல்லது.