குஞ்சுத் தீவனம் சிந்தாமல் இருக்க: மூன்று வருடமாகப் பைப்பும் வாளியும்

முதல் தடவை 50 சிறுவிடை (நாட்டுக்கோழி இனம்) குஞ்சுகள் இறக்கியபோது தீவனத்தை அகலமான அலுமினியத் தட்டில்தான் வைத்தேன். மூட்டை சீக்கிரம் தீர்ந்தது, குஞ்சோ அந்த அளவுக்கு எடை ஏறவில்லை. சந்தேகம் வந்து ஒரு நாள் தட்டுக்கு அடியில் பழைய சாக்கை விரித்து வைத்தேன். சாயங்காலம் சாக்கை உதறி, அம்மா அதை முறத்தில் புடைத்துக் கொடுத்தார். காலையில் வைத்தது ஒரு கிலோ, கீழே கிடந்தது கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு ஆரம்பித்த வேலை இது.

அம்மாச்சி வீட்டில் பஞ்சாரத்துக்குள் அரிசிக் குருணையைத் தரையில்தான் தூவுவார்கள். தாய்க்கோழி கிளறிக் கொடுக்கும், குஞ்சு பொறுக்கும். மண்தரையில் விழுந்ததையும் விடாது. நாம் வாங்கும் மூட்டைத் தீவனம் தூளாக இருக்கிறது, கீழே நெல் உமிப் படுக்கை. உமிக்குள் இறங்கிய தூள் திரும்பாது. எச்சமும் ஈரமும் பட்டால் பூஞ்சை பிடிக்கும், அதைக் குஞ்சு கொத்தினால் நஷ்டம் தீவனத்தோடு நிற்காது.

தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். காலால் கிளறிச் சிந்துவது ஒரு பங்குதான். மீதி அலகால் போகிறது. மக்காச்சோளத் துணுக்கைத் தேடி, மேலே இருக்கும் தூளை இடமும் வலமும் வீசுகிறது. கால் உள்ளே போகக் கூடாது, அலகு வீசுவது உள்ளேயே விழ வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் போதும், எதில் செய்தாலும் சரி.

முதல் நான்கு நாளைக்கு எந்த அமைப்பும் வேண்டாம் என்பது என் அனுபவம். முட்டையிலிருந்து புதிதாக வந்த குஞ்சுக்குத் தீவனம் கண்ணில் படுவதுதான் முக்கியம். முட்டை அட்டையைக் கவிழ்க்காமல் வைத்து அதில் தூவுகிறேன். கொஞ்சம் சிந்தும், சிந்தட்டும்.

ஐந்தாம் நாள் பைப். போர்வெல் வேலையில் மிஞ்சிய இரண்டரை இன்ச் பிவிசி பைப்பில் இரண்டடித் துண்டு, இரு பக்கமும் மூடி. ஒரு மூடியை மட்டும் ஒட்டாமல் விட்டால் கழற்றிக் கழுவலாம். துளைகளை நேர் உச்சியில் போடாமல், உச்சியிலிருந்து சாய்வாக இரு பக்கமும் ஒவ்வொரு வரிசையாகப் போட்டேன். துளை ஒன்றேகால் இன்ச் அகலம், துளைக்குத் துளை மூன்று விரல் இடைவெளி. கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டால் ஓரம் முள்முள்ளாக நிற்கும். ஹோல் சாவில் (வட்டமாக அறுக்கும் டிரில் பிட்) போட்டு, உப்புத்தாளால் விரலில் உறுத்தாத அளவுக்குத் தேயுங்கள். அதற்கு முன்னால் தண்ணீர் பாட்டிலில் கத்தியால் ஜன்னல் வெட்டி வைத்ததில் இரண்டு குஞ்சுகளுக்குக் கழுத்தில் கீறல் விழுந்தது. பைப் உருளாமல் இருக்க அடியில் இரண்டு மரத்துண்டு, முதல் சில நாள் உமியில் பாதி புதைத்து வைத்தால் சின்னக் குஞ்சுகளுக்கும் எட்டும். இதே சாக்குச் சோதனையை இதற்கும் செய்தேன், கிலோவுக்கு 50 கிராம் அளவில்தான் சிந்தியிருந்தது.

மூன்றாவது வாரத்தில் தலை பெருத்துத் துளை போதாமல் போகும். அப்போது நான்கு இன்ச் பைப்பில் மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு பட்டையை அறுத்தெடுத்த தொட்டிக்கு மாற்றுகிறேன். அறுத்த விளிம்பு உள்நோக்கி வளைந்தே இருப்பதால் வீசும் தூள் அதில் தட்டித் திரும்ப உள்ளே விழும். இந்த வயதில் எதன் மேலும் ஏறி உட்காரும் பழக்கம் வந்துவிடும். அதனால் மேலே ஒரு மெல்லிய குச்சியை இரு முனையிலும் ஆணியில் சுழலும்படி மாட்டியிருக்கிறேன். ஏறினால் உருண்டு இறக்கிவிடும், தீவனத்தில் எச்சம் விழுவது நின்றது.

கடைசியாக வாளி. 20 லிட்டர் வாளியின் அடியில் நான்கு பக்கமும் மூன்று இன்ச் எல்போ (வளைந்த பைப் துண்டு) பொருத்தியது. (பெயின்ட் வாளி வேண்டாம், சாப்பாட்டுப் பொருள் வந்த வாளியாகப் பாருங்கள்.) சிந்துவது இதில்தான் மிகக் குறைவு. ஆனால் நான் அவசரப்பட்டு நாலாவது வாரத்திலேயே வைத்துவிட்டேன். தீவனம் குறைந்திருந்த ஒரு ராத்திரி ஒரு குஞ்சு எல்போவுக்குள் முழுசாக நுழைந்து திரும்ப முடியாமல் செத்துக் கிடந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. உடம்பு நுழையாத வளர்ச்சி வரும்வரை, என் குஞ்சுகளுக்கு எட்டு வாரம், வாளி பக்கமே போகாதீர்கள். மழைக்காலத்தில் தூள் ஈரம் இழுத்து வாளிக்குள் கட்டி நிற்கும், மேலே நிறைந்திருக்கும், கீழே ஒன்றும் இறங்காது. நடுவில் புனல் ஒன்றைக் கவிழ்த்து வைத்த பிறகு பக்கவாட்டில் சரிந்து இறங்குகிறது. ஆனாலும் காலையில் ஒரு தட்டு தட்டிப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.

எந்த அமைப்பானாலும் உயரம் தப்பினால் பிரயோஜனமில்லை. விளிம்பு குஞ்சின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். குஞ்சு வளர வளர நான் நாலைந்து நாளுக்கொரு முறை அடியில் பலகையோ செங்கலோ வைத்து ஏற்றுகிறேன். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டுவதில்லை. அடியில் தங்கும் நைசான தூளைத் தின்று முடித்த பிறகே அடுத்தது. தாது உப்பும் வைட்டமினும் பெரும்பாலும் அந்தத் தூளில்தான் இருக்கும், அதைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பக் கூடாது. தண்ணீர் டப்பாவை நான்கடி தள்ளி வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தபோது அலகில் ஒட்டிய தூளெல்லாம் தண்ணீரில் கரைந்து புளித்துப்போனது.

எலி மட்டும் இன்னும் தீரவில்லை. கதகதப்புக்குப் போடும் பல்பு வெளிச்சத்தில் ராத்திரியும் தின்னும் முதல் வாரங்களில் தொட்டியை எடுக்க முடியாது, அதனால் கூண்டைச் சுற்றி அரை இன்ச் வெல்டு மெஷ் (கம்பி வலை) அடித்திருக்கிறேன். பல்பை நிறுத்திய பிறகு இருட்டும் முன் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுகிறேன். அப்படியும் மூட்டையின் அடியை வந்து கடிக்கிறது. மூடி போட்ட டிரம் ஒன்று வாங்க வேண்டும்.