காட்பாடி வீட்டுக்கு நெட் போட்ட கதை

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் கிளம்பும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்க நெட் எப்படி?" என்பதுதான். இந்த முறை வேலூர், காட்பாடி, குடியாத்தம், அந்தப் பக்கம் ஆற்காடு வரை சுற்றியதில் சொல்கிறேன்: லைனுக்குக் குறையே இல்லை. பாலாற்றில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, பாலத்தின் மேல் 5ஜி இருக்கிறது. அந்த லைனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, எதை நம்புவது என்கிற இடத்தில்தான் ஆளாளுக்குத் தடுமாறுகிறார்கள். அதனால் வேகத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

முதலில் சிம். இந்தியப் பாஸ்போர்ட்டும் ஆதாரும் இருந்தால் தெருமுனைக் கடையிலேயே வேலை முடிந்துவிடும். ஆதார் எண், கைரேகை, ஒரு போட்டோ, அவ்வளவுதான். வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு மாறிவிட்டவர்களுக்குக் கொஞ்சம் இழுக்கும். பாஸ்போர்ட், விசா நகல்களோடு உள்ளூரில் ஒருவரின் முகவரியும் போன் நம்பரும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் சிம்மைக் கழற்றி எறிய வேண்டாம். அங்குள்ள வங்கி விவகாரம் எதற்காவது அந்த எண்ணுக்குச் செய்தி வந்தே தீரும். இரண்டு சிம் போடும் போன் என்றால் கவலையில்லை.

பேக் எல்லாம் பெரும்பாலும் ஒரே அச்சு: 28 நாள், தினம் ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி. மாதக் கணக்கு இல்லை, தினக் கணக்கு. அன்றைய பங்கு தீர்ந்தால் நெட் நின்றுவிடாது, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். ஒரு எம்பி படம் திறக்க இரண்டு நிமிடம் ஆகும். 2000-ஐ ஒட்டி வேலூர் ஆபீசர்ஸ் லைன் தெருப் பக்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வேகம் பழக்கமானது. அன்றைய போன் மோடமே 56 கேபிபிஎஸ்தான். ஆனால் அன்றைக்குப் பக்கங்களும் அந்த அளவுக்கு மெலிந்திருந்தன. தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும், அந்தப் பத்திரிகையின் எழுத்துருவைத் தனியாக இறக்கிப் போட வேண்டும். அதெல்லாம் எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வந்தபின் ஒழிந்தது. இன்று அதே 64-ல் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால், செய்தி வருவதற்குள் விளம்பரமே மூச்சு வாங்குகிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். அம்மா காட்பாடியில் இருக்கிறார். செல்போன் நெட்டை நம்பி வீடியோ கால் பேசியதில் பாதி நேரம், "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே போய்விடும். ஃபைபர் போட முடிவு செய்தேன். இங்கே ஃபைபர் கொடுப்பது பெரும்பாலும் நம் பழைய கேபிள் டிவி ஆட்கள்தான். பல வருடமாகத் தெருத்தெருவாகக் கம்பி இழுத்தவர்களுக்கு எந்த வீட்டு மாடி வழியாக எந்தக் கம்பத்துக்குப் போகலாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரியும்.

வந்த பையன் மாடிப்படியில் உட்கார்ந்து கறுப்பு வயரின் தோலை உரித்தான். உள்ளே இருப்பது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நறுக்கி, ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்து மூடினான். பெட்டியின் திரையில் இரண்டு முனைகளும் தெரிந்தன. ஒரு தீப்பொறி, இரண்டும் ஒட்டிக்கொண்டன. "அவ்ளோதாண்ணா" என்றான். அடிக்கடி அறுந்துபோகுமா என்று கேட்டதற்கு, "மனுசனாலகூட இல்லண்ணா, அணிலாலதான் தொல்ல. மாமரத்து மேல போற லைன கடிச்சி வச்சிடுது" என்றான்.

போகும்போது அம்மாவிடம் ஒரே பாடம் எடுத்தான். வீட்டில் மாட்டிய ரூட்டர் பெட்டியில் 'லாஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே வயர் அறுந்திருக்கிறது, அவனைக் கூப்பிட வேண்டும். எரியாவிட்டால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான், பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும். நான் படித்த எந்த வழிகாட்டியையும் விட இது உருப்படியான பாடம்.

வீட்டுக்குள்ளே என்றால், சுவர். பழைய செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வைஃபையைத் தின்றுவிடும். பெட்டி இரண்டு பெயரில் வைஃபை கொடுக்கும். 5 என்று முடிவது வேகம் அதிகம், சுவரைத் தாண்டாது. மற்றது நிதானமாகப் போகும், ஆனால் சமையலறை வரை போகும். அம்மா பேசுவது சமையலறையில் இருந்துதான் என்பதால் அதிலேயே சேர்த்துவிட்டேன். "சிங்கப்பூர் தூரம், அதான் விட்டு விட்டு வருது" என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிள்களில் ஒன்றான ஐடுஐ, 2002-ல் வந்தது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கடலைத் தாண்ட நொடியில் அறுபதில் ஒரு பங்குகூட முழுதாக ஆகாது. தகராறெல்லாம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில்தான். மாமா நம்பவில்லை.

கரண்ட் போனால் நெட்டும் போகும். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் வேலூரிலேயே கிடைக்கிறது. சிங்கப்பூரிலிருந்து எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

லைன் வந்துவிட்டது. அடுத்து அம்மாவின் போன். "யாரோ வைரஸ் வைரஸ்னு சொல்லிக்கினே இருக்காங்கடா, எடுத்துப் போடு" என்று கையில் கொடுத்தார். திரையை மேலிருந்து இழுத்தால் வரிசையாக அறிவிப்புகள்: உங்கள் போனில் வைரஸ், உங்களுக்குப் பரிசு, இன்றைய தங்கம் விலை, யாரோ ஒரு நடிகைக்குத் திருமணம். வைரஸ் ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு ஜாதகத் தளத்தையும் சமையல் தளத்தையும் திறந்தபோது, 'அறிவிப்புகளை அனுமதிக்கவா?' என்று கேட்டிருக்கிறது. படிக்க விடாமல் குறுக்கே நிற்பதால் எல்லோரும் 'அனுமதி'யைத்தான் அமுக்குவார்கள். அதன்பிறகு அந்தத் தளம் மூடிக் கிடந்தாலும் பிரவுசர் வழியாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். குரோமில் அமைப்புகள், அதற்குள் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள். அங்கே பட்டியல் இருக்கிறது, ஒவ்வொன்றாகத் தடுத்துவிடலாம். மேலேயே ஒரு மொத்தப் பொத்தானும் உண்டு. அம்மாவுக்கு அதையே அணைத்துவிட்டேன். ஊருக்குப் போகும் எல்லோரும் பெற்றோர் போனில் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. ஆன்டிவைரஸ் ஆப் எதையும் இறக்கப் போகாதீர்கள். அந்த வைரஸ் அறிவிப்பு எதிர்பார்ப்பதே அதைத்தான்.

அடுத்த சிக்கல் கொஞ்சம் ஆழமானது. குடியாத்தம் பக்கத்தில் எங்கள் பெயரில் இருக்கும் மனைக்கு வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா தேடல் பெட்டியில் 'பட்டா சிட்டா' என்று போட்டு, முதலில் வந்ததைத் தொட்டார். முதலில் வந்தது விளம்பரம். பச்சை நிறம், கோபுரப் படம், 'விரைவு சேவை 499 ரூபாய்'. பார்த்தால் அரசாங்கம் மாதிரியே இருக்கிறது. நல்லவேளை, பணம் கட்டும் பக்கத்தில் என்னிடம் கேட்டார்.

அக்காவுக்குக் கூகுளும் ஒன்றுதான், குரோமும் ஒன்றுதான், இன்டர்நெட்டும் ஒன்றுதான். அவர் மட்டுமல்ல, ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பிரவுசர் என்பது பக்கத்தைக் கொண்டுவந்து காட்டும் மென்பொருள். குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எல்லாம் அதே வேலைதான் செய்கின்றன. தேடுபொறி என்பது அந்தப் பிரவுசருக்குள் திறக்கும் இன்னொரு தளம். அது காட்டும் வரிசையில் மேலே இருப்பது காசு கொடுத்தவராகவும் இருக்கலாம். முகவரி தெரிந்தால் தேடவே வேண்டாம், மேலே இருக்கும் முகவரிப் பட்டையில் நேராக அடிக்கலாம். இதை அக்காவிடம் சொன்னபோது, "அந்த எடத்துல எழுத முடியுமா?" என்று கேட்டார். இத்தனை வருடமாகப் போன் வைத்திருக்கிறார். அந்தப் பட்டையில் விரல் வைக்கச் சொல்லி யாரும் காட்டித் தரவில்லை.

பட்டாவுக்கு ஈசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன். வில்லங்கத்துக்கு டிஎன்ரெஜிநெட் டாட் கவ் டாட் இன். முகவரியில் பெயரைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. கவ் டாட் இன் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுவது. டாட் காம், பணம் கட்டுகிற யாருக்கும் கிடைக்கும். நடுவில் எங்கேயோ 'கவ்' என்று செருகிவிட்டு வேறு ஏதோவாக முடிந்தால் அது அரசு இல்லை. பூட்டுப் படம் இருந்ததே என்பார்கள். பூட்டு சொல்வது, நீங்கள் அடிப்பதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும்தான். எதிரே இருப்பவன் யோக்கியனா என்று அதற்குத் தெரியாது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-ல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

இரண்டு தளங்களையும் அக்கா போனின் முகப்புத் திரையில் ஆப் மாதிரி வைத்துவிட்டேன். குரோமின் மூன்று புள்ளியைத் தொட்டால் 'முகப்புத் திரையில் சேர்' என்று இருக்கும். பட்டா பார்க்க ஓடிபி கேட்கிறது, அதற்கு இந்திய எண் வேண்டும். மாவட்டத்தைத் தேடும்போது ஒன்று: 2019-க்குப் பிறகு பழைய வேலூர் மூன்றாகிவிட்டது. ஆற்காடு, வாலாஜா என்றால் ராணிப்பேட்டையில் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூரில். வெளிநாட்டிலிருந்து வேலூரிலேயே தேடிவிட்டு நிலம் காணோம் என்று பதறியவர்கள் உண்டு.

அச்சு எடுக்கப் பக்கத்திலிருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தக் கணினியில் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்ததும் பகீரென்றது. ஆதார், பான், கல்யாணப் பத்திரிகை, யாரோ ஒரு பெண்ணின் மதிப்பெண் பட்டியல், இன்னொருவரின் வங்கிப் புத்தக முதல் பக்கம். எல்லாம் அப்படியே கிடந்தன. முந்தைய ஆளின் ஜிமெயிலும் திறந்தபடி இருந்தது. கடைக்காரரிடம் சொன்னேன். "இன்னாண்ணா, எல்லாம் நம்ம தெரு ஆளுங்கதானே. நாளைக்கு வந்து திருப்பி பிரிண்ட் கேப்பாங்கோ, அதான் வச்சிருக்கேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. முதியோர் ஓய்வூதியத்திலிருந்து கல்லூரி விண்ணப்பம் வரை அந்தத் தெருவுக்கு அவர்தான் இன்டர்நெட். பாஸ்வேர்டுகளை ஒரு நீளமான கணக்கு நோட்டில் பெயர் வாரியாக எழுதி வைத்திருக்கிறார். பயமாக இருக்கிறது, ஆனால் அந்த நோட்டு இல்லாவிட்டால் பலருக்குத் தங்கள் கணக்கே இல்லை.

அத்தகைய இடத்தில் உட்கார்ந்தால் குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், 'என்' எழுத்து மூன்றையும் சேர்த்து அமுக்கி மறைநிலைச் சன்னலைத் திறந்துகொள்ளுங்கள். மூடியதும் உள்நுழைவுகள் அழிந்துவிடும். ஆனால் இறக்கிய கோப்பு அழியாது, அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும், குப்பைத்தொட்டியிலிருந்தும் சேர்த்து. மறைநிலை என்றதும் யாருக்குமே தெரியாது என்று நினைக்க வேண்டாம். நெட் கொடுப்பவருக்கு எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் போனால் வேறு உலகம். வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்களுக்காக லாட்ஜ் பலகை முதல் சிம் கடை வரை வங்காள எழுத்து. ரயில் டிக்கெட், ரிப்போர்ட் ஸ்கேன், வீட்டுக்குப் பணம் எல்லாம் ஒரே கடையில். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு சிம் வாங்க என்னென்ன தாள் வேண்டும் என்பது இந்தக் கடைக்காரர்களுக்கு அத்துப்படி, உங்களுக்குத் தேவைப்பட்டால் அங்கேயே கேளுங்கள்.

காட்பாடி ஜங்ஷனில் ரயில்வயர் வைஃபை தினம் முதல் 30 நிமிடம் இலவசம். சேர்ந்த பிறகு உள்நுழைவுப் பக்கம் வராவிட்டால் முகவரிப் பட்டையில் எச்டிடிபிஎஸ் என்று தொடங்காமல், எஸ் இல்லாத வெறும் எச்டிடிபி என்று தொடங்கும் முகவரி ஒன்றை அடியுங்கள். எஸ் உள்ள தளங்கள் நடுவில் யாரையும் நுழைய விடாது, ஸ்டேஷனின் பக்கத்தையும்தான். வங்கி வேலையை அங்கே வைத்துக்கொள்ளாமல் சொந்த டேட்டாவில் செய்யுங்கள். யுபிஐ பற்றிக் கேட்பவர்களுக்கு: 2023-லிருந்து சிங்கப்பூர் எண்ணையே, வெளிநாட்டுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு சேர்த்துப் பயன்படுத்த வழி இருக்கிறது, உங்கள் வங்கி அதைச் செய்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்த இந்திய சிம். திரும்பிப் போனபின் மறந்துவிடாதீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டு இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். பட்டா, வங்கி, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைக் கொடுத்திருப்பீர்கள், ஓடிபி அப்புறம் அந்த ஆளுக்குப் போகும். அலாரம் வைத்தாவது சின்ன ரீசார்ஜ் போட்டு, அவ்வப்போது ஒரு கால் பண்ணுங்கள். நான் அம்மாவுக்குத்தான் பண்ணுகிறேன். "ஏண்டா வாட்ஸ்அப்புல வராம இதுல வர்ற, காசு போவாதா?" என்று திட்டு விழுகிறது.