வளைந்த இரும்பு வீல்: தட்டுவதா, உருளையில் ஏற்றுவதா, மாற்றுவதா?

பழைய காரின் இரும்பு வீல் இரண்டு பாகம். டயர் உட்காரும் வளையம் ரிம். ஹப்பில் (வீலைத் தாங்கிச் சுழலும் பாகம்) நட் போட்டு இறுக்குகிற நடுப்பகுதி டிஸ்க். எந்தப் பாகம் வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வழி.

முதலில் அளவெடுக்க வேண்டும். டயரைக் கழற்றி, வீலை ஹப்பில் மாட்டி, டயல் கேஜின் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) முனையை டயர் விளிம்பு பதியும் இடத்தில் வைத்துச் சுற்றுங்கள். வெளி விளிம்பில் வைத்தால் அளவு ஏமாற்றும். அங்கே அடிபட்ட தழும்புகள் அதிகம். 1 மி.மீ.க்குள் ஆட்டம் என்றால் விட்டுவிடலாம். 1.5-ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கில் தெரியத் தொடங்கும். பிறகு வீலை ஒரு ஸ்டட் (ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும், நட் ஏறும் திருகுக்கம்பி) தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். மேடு வீலோடு நகர்ந்தால் குற்றம் வீலில். ஹப்பின் அதே இடத்தில் நின்றால் வீலைத் தட்டிப் பயனில்லை.

வெளி விளிம்பு மட்டும் மடங்கியிருந்தால் கைவேலையே போதும். கடின மரக்கட்டையை இடையில் வைத்து 2 கிலோ சுத்தியலால், ஒடுக்கின் இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கித் தட்டி வர வேண்டும். ஆழமான இடத்தில் முதல் அடி போட்டால் இருபுறமும் இரண்டு புது மேடுகள் எழும். இரும்பு கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் ஒரு மயிரிழை கூடுதலாகவே தள்ள வேண்டும்.

டயர் பதியும் இடமே தட்டையாகிவிட்டால் சுத்தியல் தோற்கும். வீலைச் சுற்றவிட்டு ஹைட்ராலிக் உருளையால் அழுத்தும் எந்திரம்தான் வட்டத்தை மீட்கும். ஆனால் வீலை எதை வைத்து மையப்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பழைய 5×205 (205 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை) வீல் போன்றவை போல்ட் உட்காரும் குழிவால்தான் மையம் கொள்கின்றன. நடுத்துளையில் பிடித்தால் நல்ல வீலும் கோணலாகத் தெரியும். வேலை சீக்கிரம் முடிய கேஸ் வைத்துச் சூடாக்குகிறவரிடம் வீலைக் கொடுக்காதீர்கள். சூட்டில் உலோகத்தின் வலு குறையும், பக்கத்து வெல்டும் கெடும். டயர் மாட்டியபடி சூடாக்கினால் வெடித்து ஆளையே கொல்லக்கூடும்.

டிஸ்க் வளைந்திருந்தாலோ, ஸ்டட் துளை நீண்டிருந்தாலோ, துளைகளுக்கிடையே கீறல் ஓடியிருந்தாலோ பழுதுபார்ப்பே வேண்டாம். பெயின்டைச் சுரண்டி, கீறல் காட்டும் சாயம் பூசிப் பார்த்தால் தெரிந்துவிடும். கீறலை வெல்டு வைத்து மூடுவது ஏமாற்று வேலை. மாற்று வீல் வாங்கும்போது துளை வட்டம் (ஸ்டட் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு), ஆஃப்செட் (ஹப்பில் பதியும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்), அகலம், நட் உட்காரும் குழிவின் வடிவம் (கூம்பா, உருண்டையா) நான்கும் பொருந்த வேண்டும். பழைய வீல் என்றால் அதையும் அளந்தே வாங்குங்கள்.

கிடைக்காத வீலுக்கு நான்காவது வழி: தேதி முத்திரை உள்ள அசல் டிஸ்க் நன்றாக இருந்தால், அதைப் புது ரிம்மில் ஜிக் (பாகங்களை அசையாமல் சரியான இடத்தில் பிடிக்கும் சட்டம்) வைத்து வெல்டு செய்வது. செலவு அதிகம், தேர்ந்த பட்டறைக்கு மட்டுமே உரிய வேலை.

எந்த வழியானாலும் நட் உட்காரும் இடத்தில் தடித்த பெயின்ட் கூடாது. அது நசுங்கினால் நட் தளரும், ஆகவே 80 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டின் இறுக்கத்தை மீண்டும் சரிபாருங்கள்.