சூப்ளான்டேஷனா, பாசிக்குடா பஃபேயா?

அமெரிக்காவின் சான் டியேகோவில் 1978-இல் தொடங்கிய சூப்ளான்டேஷன் என்ற சாலட், சூப் பஃபே கடைகள் கொரோனாவோடு 2020-இல் மொத்தமாக மூடப்பட்டன. மூடுவதற்கு முன், அக்கா வீட்டுக்குப் போனால் அங்கேதான் சாப்பாடு. தட்டை எடுத்து, நீளமான சாலட் வரிசையில் கீரை, பீட்ரூட், கொண்டைக்கடலை என்று அள்ளிக்கொண்டே போய்க் காசு கட்ட வேண்டும். அப்புறம் சூப்பும் மஃபினும் எத்தனை தடவை என்றாலும் எடுக்கலாம். ஐஸ்கிரீம் மெஷினடியில் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள்.

இலங்கையின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் பாசிக்குடாவின் ஹோட்டல் பஃபே வேறு ரகம். நண்டுக் கறி, இறால், கடைசியில் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும். ருசியில் இதுதான் மேல், பேச்சே இல்லை. விலைதான் வெள்ளைக்காரருக்குப் போட்டது. அதோடு, மரக்கறி மட்டும் சாப்பிடும் அம்மா சூப்ளான்டேஷனில் வயிறு நிறைந்து எழும்பினா. பாசிக்குடாவில் அவவுக்குச் சோறும் பருப்பும்தான். அம்மாவோடு போவதென்றால் மூடின கடைக்கே என் வாக்கு.