8ஏ, ஒரு சி: திரும்ப எழுதுவதா, விளக்குவதா, விட்டுவிடுவதா?

ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரம்) முடிவு வந்த கிழமை திருகோணமலையில் எந்த ஒழுங்கையால் போனாலும் ஒரே விசாரணைதான்: "பிள்ளைக்கு எத்தனை ஏ?" ஒன்பது என்றால் கேட்டவர் சந்தோஷமாகப் போய்விடுவார். எட்டு என்றால் நின்று, "மற்றது என்ன பாடம்?" என்பார். அந்த மற்றது பெரும்பாலும் தொகுதிப் பாடமாக இருக்கும். ஆறு கட்டாயப் பாடங்களையும் இழுத்துப் பிடித்த பிள்ளை, தானே தெரிவு செய்த மூன்றில் ஒன்றில், சங்கீதத்திலோ சித்திரத்திலோ, 50க்கும் 64க்கும் இடையில் எங்கோ நின்றுவிடும். அதுதான் சி.

நான் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவன். விண்ணப்பம் நிரப்பும் வேலையும் என் தலையில்தான் விழும். மொறட்டுவைப் பொறியியல் பீடம், கொழும்பு மருத்துவ பீடம், அபூர்வமாக அமெரிக்கா என்று குறி வைத்திருக்கும் வீடுகளில் இந்த ஒரு சி படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. "சேர், இதை ஏதாவது செய்யேலாதோ?" என்று கேட்டுவரும் தாய்மாருக்கு ஊரில் நாலு விதமான யோசனை கிடைக்கிறது: விடைத்தாள் மீள்பரிசீலனைக்குப் போடு, திரும்ப எழுது, விண்ணப்பத்தில் காரணம் சொல்லு, அப்படியே விடு. எது நல்லது என்று பார்க்குமுன் அந்தச் சியை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டு அரச பல்கலைக்கழகம் என்றால் கதை சுருக்கம். அனுமதியைத் தீர்மானிப்பது உயர்தரத்தின் மூன்று பிரதான பாடங்களில் வரும் இசட் புள்ளி, அதாவது பாடங்களின் புள்ளிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து எடுக்கும் சராசரி. அதற்கு மேல் உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்கள் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. ஆக, பிள்ளை போட்டி போடுவது பெரும்பாலும் இதே ஊரில், இதே ரியூஷன் வாங்கில் பக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு. ஓ.எல். பெறுபேறு தேவைப்படும் சில கற்கைநெறிகளும் பெரும்பாலும் கணிதத்தையோ ஆங்கிலத்தையோதான் கேட்கும். சங்கீதத்தில் என்ன என்று பொறியியல் பீடம் கேட்காது.

அமெரிக்கக் கல்லூரிகள் வேறு மாதிரி. அங்கே ஒன்பதாம் தரத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உள்ள முழுப் பெறுபேறும் மேசைக்கு வரும். விருப்பப் பாடம் கணக்கிலேயே இல்லை என்று சிலர் சொல்வது சரியில்லை. கலிபோர்னியா அரச பல்கலைக்கழகத் தொகுதியை எடுங்கள். அந்த மாநிலத்துப் பிள்ளைக்கு ஓராண்டுப் பாடங்கள் 15 வேண்டும். அதில் ஒன்று கலைப் பாடம், இன்னொன்று விருப்பப் பாடம். இரண்டுக்கும் தரப்புள்ளி சராசரியில் (ஜி.பி.ஏ.) இடம் உண்டு, உடற்கல்விக்கு இல்லை. பாடத்தை ஏற்றுக்கொள்ள ஆகக் குறைந்த தரம் சி. அதாவது அந்தச் சி கதவை அடைக்காது, சராசரியைக் கொஞ்சம் கீழே இழுக்கும். ஆட்களைத் தேர்ந்தெடுத்து எடுக்கும் தனியார் கல்லூரிகளும் எல்லாப் பாடத்தையும் வாசிக்கும். ஆனால் மொழி, கணிதம், விஞ்ஞானம், சமூகக்கல்வி, பிறமொழி என்ற ஐந்தில்தான் கண் நிற்கும்.

நம் பிள்ளைக்கு இதில் இன்னொரு சிக்கல். 2024 ஏ.எல். (உயர்தரம்) நவம்பரில் தொடங்கி, முடிவு 2025 ஏப்ரலில் வந்தது. பல அமெரிக்கக் கல்லூரிகளின் கடைசித் திகதி ஜனவரித் தொடக்கத்திலேயே வந்துவிடும். விண்ணப்பம் போகும் நாளில் கையில் இருக்கும் பொதுப் பரீட்சைப் பெறுபேறு ஓ.எல். மட்டும்தான். உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைக்குக் கலைப் பாடமே கிடையாது என்பதால், பாடசாலையில் பிள்ளை எடுத்த ஒரே கலைப் பாடமாகவும் அந்தச் சங்கீதமே நிற்கும். இந்தக் கோணத்தில் தாய்மாரின் பயம் முழுப் பொய்யல்ல.

இங்கிலாந்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படிக்கப்போகும் துறைக்கான மூன்று பாடங்கள், ஆங்கிலம், அவ்வளவுதான். மருத்துவத்துக்குச் சில இடங்கள் சாதாரண தரத்தையும் புள்ளி போட்டுப் பார்க்கும்.

சரி, இப்போது அந்த நாலு யோசனையும்.

மீள்பரிசீலனை: உண்மையிலேயே பிழை நடந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் போடுங்கள். வகுப்பில் எப்போதும் எண்பது எடுத்த பிள்ளைக்குச் சி வந்தால் நியாயம் உண்டு. ஐம்பத்தைந்து எடுத்துவந்த பிள்ளைக்குச் சி வந்தால் அது பிழையல்ல, பெறுபேறு.

திரும்ப எழுதுவது: எனக்கு இதில் கோபமே உண்டு. அடுத்த ஓ.எல். வரும்போது பிள்ளை பன்னிரண்டாம் தரத்தில் இயக்கவியலுக்குள் மூழ்கிக் கிடக்கும். சங்கீதம் என்றால் எழுத்துப் பரீட்சையோடு முடியாது, செயன்முறைக்கு இன்னொரு நாள். அதற்கு முன் சுருதிப் பெட்டியோடு மாதக்கணக்கில் வகுப்பு. இவ்வளவுக்கும் பிறகு பழைய சான்றிதழ் அழிந்து போகாது. புதியது இரண்டாம் அமர்வு என்று தனியாக நிற்கும். பௌதிகவியலில் போக வேண்டிய மணித்தியாலங்களை, இசட் புள்ளிக்குள் வராத பாடத்தில் கொட்டுவது கணக்குத் தெரிந்தவன் செய்கிற வேலையல்ல. கணிதத்திலோ தாய்மொழியிலோ சித்தி இல்லாவிட்டால் நிலைமை வேறு, அப்போது எழுதத்தான் வேண்டும். தொகுதிப் பாடத்துச் சிக்கு வேண்டாம்.

விளக்கம்: இது வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு மட்டும். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒன்றாகப் போகும் பொது விண்ணப்பப் படிவத்தில் (Common App) மேலதிகத் தகவலுக்கென்று ஒரு பகுதி உண்டு. எந்தக் காரணமும் இல்லாமல், பிடிக்கவில்லை என்பதால் குறைந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். விளக்கம் போட்டால்தான் வாசிக்கிறவர் அந்தச் சியைத் தேடிப் பார்ப்பார். உண்மையான காரணம் இருந்தால் எழுதலாம், சுருக்கமாக.

ஒரு மாணவி கொண்டுவந்த முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். "சிறு வயதிலிருந்தே இசையின்மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்கி, ஆசிரியரைக் குறை சொல்லி, பெற்றோரின் தியாகத்தில் போய் நின்றது. வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சியது இவ்வளவு: "பத்தாம் தரத்தில் எங்கள் பாடசாலையில் பல மாதங்கள் சங்கீத ஆசிரியர் இருக்கவில்லை. செயன்முறைப் பயிற்சி பதினோராம் தரத்தில்தான் தொடங்கியது. அதே காலத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றிலும் ஏ பெற்றேன்." மன்றாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இதையே வகுப்பாசிரியரோ அதிபரோ தன் சிபாரிசுக் கடிதத்தில் ஒரு வரியில் சொன்னால் இன்னும் நல்லது. பிள்ளை சொன்னால் சாட்டு மாதிரித் தெரிவது, அதிபர் சொன்னால் தகவலாகிவிடும். நம் பக்கத்துப் பாடசாலைகளில் ஆசிரியர் வெற்றிடம் புதினமல்ல. அமெரிக்காவில் இருந்து வாசிக்கிறவருக்கு அது தெரியாது, சொன்னால்தான் தெரியும்.

அப்படியே விடுவது: உள்ளூர்ப் பல்கலைக்கழகம்தான் குறி என்றால் என் தெரிவு இதுதான், மறுயோசனைக்கே இடமில்லை. அமெரிக்காவுக்குப் போடுகிற பிள்ளையும் ஏறக்குறைய இதையே செய்யலாம், ஆனால் மிஞ்சிய நேரத்தை எங்கே போடுவது என்பதில் கவனம் வேண்டும். எம்.ஐ.டி. போன்ற இடங்கள் அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கான எஸ்.ஏ.டி. பரீட்சையை மறுபடி கட்டாயமாக்கிவிட்டன. ஏ.எல். முடிவு கையில் இல்லாத நிலையில் கணிதத் திறமையைக் காட்ட அந்தப் புள்ளி மிகவும் உதவும். சங்கீதத்துக்குத் திரும்பப் போகிற நேரம் இதற்குப் போகட்டும்.

வெளிநாட்டு இளங்கலைக்கு விண்ணப்பிக்கிற வீடுகள் சியைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்குக் காசைப் பற்றி யோசிப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளையின் பணவசதியைப் பார்க்காமல் தெரிவு செய்து, தேவைப்படும் உதவி முழுவதையும் தரும் இடங்கள் மிகச் சில: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹெர்ஸ்ட் என்று விரல்விட்டு எண்ணலாம். மற்றப் பல இடங்களில், உதவி கேட்பதே சங்கீதத்துச் சியைவிடப் பெரிய தடையாகிவிடும்.

இவ்வளவு சொன்னாலும் ஒரு விலக்கு உண்டு. மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ, யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைப் பக்கமோ போக ஆசைப்படும் பிள்ளைக்கு அந்தச் சி சில்லறை விஷயமல்ல. அங்கே உயர்தரத்திலும் அந்தப் பாடம் வரும், அதற்கப்பால் அந்தக் கலையில் திறமையைப் பார்க்கும் உளச்சார்புத் தேர்வும் இருக்கும். அந்தப் பிள்ளையும் ஓ.எல்.ஐத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆனால் நல்ல குருவிடம் இந்த மாதமே போய் இருக்க வேண்டும்.