சிப்பிக்காளானுக்கு மரத்தூள்: பல பருவம் போட்டுப் பார்த்த கணக்கு

பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் சிப்பிக்காளான் போடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் மரத்தூள் ஆசை வந்துவிடும். வைக்கோல் விலை ஏறும்போது அறுவை மில் தூள் மலிவாகத் தெரியும். தூளில் காளான் வரும். ஆனால் வைக்கோலில் தப்பிக்கிற தவறு தூளில் தப்பாது.

காரணம் லிக்னின். மரத்தின் செல்லுலோஸை இறுக்கிப் பொதிந்து வைத்திருப்பது அதுதான். சிப்பிக்காளான் ஒரு வெள்ளை அழுகல் பூசணம், அதாவது லிக்னினையும் சிதைக்கத் தெரிந்த வகை. லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்ஸிடேஸ் நொதிகளைத் தன் பூஞ்சை இழைக்கு வெளியே சுரக்கிறது. நொதி பெரிய மூலக்கூறு, செல்சுவருக்குள் நுழையாது. அதனால் பெராக்ஸிடேஸ், ஹைட்ரஜன் பெராக்சைடின் உதவியால் மாங்கனீஸ் அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி, அந்த அயனியை அனுப்புகிறது. அந்தச் சின்ன அயனி ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்ந்து உள்ளே ஊறிப்போய் லிக்னினைச் சிதைக்கிறது. லாக்கேஸுக்கோ நேரடியாகவே ஆக்சிஜன் வேண்டும்.

அதனால்தான் தூளைக் குத்தி அடைத்த பை தோற்கிறது. அப்படி ஒன்றை ஐந்தாம் வாரம் பிளந்தால் வெளியே தோல்போல வெள்ளை. நடுவில் ஒரு கைப்பிடி தூள் பழுப்பு மாறாமல், ஈரமாய், புளித்த வாடையோடு கிடக்கும். அங்கே காற்றே போகவில்லை. மூன்றில் ஒரு பங்கு, இரண்டு அங்குலத்துக்கு நறுக்கிய வைக்கோலைக் கலந்தால் இடைவெளி கிடைக்கும்.

காய்ந்த தூள் 10 கிலோவுக்கு அரிசித் தவிடு 1 கிலோ, சுண்ணாம்புத் தூள் 100 கிராம். பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரலாம், ஓடக்கூடாது. தவிட்டைக் கூட்டினால் மகசூல் கூடும் என்று அள்ளிப் போடுவதுதான் பெரிய தப்பு. லிக்னினைத் திறக்கத் தெரியாத பச்சைப் பூஞ்சை, தவிடு கிடைத்தால் திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி வந்துவிடும். தவிடு சேர்த்த தூளுக்கு வைக்கோல்போல வெறும் கொதிநீர் போதாது. 15 பவுண்டு அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரமாவது நீராவி வேண்டும். பை முழுக்க ஆறியபிறகே வித்து, அதாவது காளான் விதை, போட வேண்டும்.

மில் தூள் கலப்படம் என்பதையும் கவனியுங்கள். தேக்கு, வேம்பு கலந்தால் வித்தின் இழை பரவாமல் திணறும். மா, சவுக்கு என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கத்திரி வெயிலில் வெள்ளை இனம் சுணங்கும், இளஞ்சிவப்பு தாங்கும். அது சீக்கிரம் வாடும், பறித்த அன்றே விற்றாக வேண்டும். ஐப்பசி மழையில் ஈரப்பதம் தானாக வரும். சாரலுக்குப் பயந்து கொட்டகையை மூடிவிட்டால் கரியமில வாயு தேங்கி, காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும்.

மூன்று அறுவடை முடிந்த வைக்கோல் கையில் நொறுங்கும். தூள் அப்படியல்ல, பாதி மரம் இன்னும் மிச்சமிருக்கும். அப்படியே வாழைக்கு வைத்தால் மண்ணின் தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். சாணியோடு குவித்து, சில மாதம் மக்கவிட்டே போட வேண்டும்.