ஃபாஸ்டர் கேரிலிருந்து பிள்ளைகளை மீட்கப் போராடும் பெற்றோருக்கு மென்டர் சேவை: நாங்கள் பார்த்தவரை

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று எதற்கு என்பது கீழே வரும், அதையும் படியுங்கள், சிலருக்கு அந்த ஒன்றுதான் முக்கியமாக இருக்கும்.

அமெரிக்காவில் சிபிஎஸ் (குழந்தைகள் பாதுகாப்பு ஏஜென்சி) வந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய் ஃபாஸ்டர் வீட்டில், அதாவது தற்காலிகமாக வளர்க்கும் வேறொரு குடும்பத்தில் விட்டுவிட்டால், அவர்களைத் திரும்பக் கொண்டுவரப் படாதபாடு படும் அம்மா அப்பாவுக்குத் துணையாக, இதே பாதையில் ஒருமுறை நடந்து தன் பிள்ளைகளை மீட்ட இன்னொரு அம்மாவையோ அப்பாவையோ அனுப்புகிறார்கள். சில இடங்களில் பேரன்ட் பார்ட்னர் என்பார்கள், சில இடங்களில் பேரன்ட் மென்டர். பெற்றோர் காசு எதுவும் கொடுக்க வேண்டாம். என் தங்கைக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். எந்த ஸ்டேட், எந்த கவுண்டி என்றெல்லாம் எழுதப்போவதில்லை. குழந்தைகள் வழக்கு ரகசியமானது, அதுவும் இன்னும் முடியவில்லை. வீட்டில் குடியும் அடிதடியும் இருந்தது, அதுவரை சொன்னால் போதும்.

இப்படி ஒரு வழக்கில் மாட்டும் நம் ஆட்கள் முதலில் தேடுவது பெரிய வக்கீலை. நாங்கள் தப்பானவர்கள் இல்லை என்று ஜட்ஜிடம் நிரூபித்துவிட்டால் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. மென்டர் அம்மா வந்த முதல் நாளே அந்தப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டுக் காலண்டரை எடுத்தார். 1997இல் வந்த மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை ஃபாஸ்டர் கேரில் இருந்துவிட்டால், பெற்றோரின் உரிமையையே ரத்து செய்யச் சொல்லி ஏஜென்சி மனு போட வேண்டும். விலக்கு உண்டு: குழந்தை உறவினரிடம் இருந்தாலோ, மனு போடுவது குழந்தைக்கு நல்லதில்லை என்பதற்கு வலுவான காரணம் எழுத்தில் இருந்தாலோ, ஏஜென்சி தரவேண்டிய உதவிகளைத் தராமல் விட்டிருந்தாலோ. ஆனால் அதற்கு முன்பே, 12 மாதத்துக்குள், குழந்தைக்கு நிரந்தர ஏற்பாடு என்ன என்று பார்க்கும் ஹியரிங் வந்துவிடும், நடுவில் ஆறு மாதத்துக்கு ஒரு ரிவ்யூ. இதையெல்லாம் வக்கீலும் சொன்னார்தான். அவர் சட்டமாகச் சொன்னார். இந்த அம்மா, "நீ முடிக்கவேண்டிய வகுப்புக்கு வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும், நீ காத்திருக்கும் நாட்களும் அந்த 12 மாதத்தில்தான் கழியும், இன்றைக்கே போன் போடு" என்று சொல்லி, தங்கை போன் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு இந்தச் சேவை பிடித்துப்போனது அங்கேதான்.

இன்னொரு விஷயமும் அவர் சொல்லித்தான் உறைத்தது. கேஸ் பிளானில், அதாவது பிள்ளைகள் திரும்பி வர பெற்றோர் செய்யவேண்டியவற்றின் பட்டியலில் இருக்கும் வகுப்புகளை முடித்து சர்டிபிகேட் வாங்கி அடுக்கினால் மட்டும் போதாது. என்ன மாறியிருக்கிறது என்று ஜட்ஜ் கேட்பார். வீட்டுக்குள் யார் வரலாம் யார் வரக்கூடாது, சண்டை ஆரம்பித்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவாய், யாருக்கு போன் செய்வாய் என்பதையெல்லாம் தங்கையைத் தன் வாயாலேயே சொல்லவைத்துப் பழக்கினார். மனப்பாடம் இல்லை. ஒவ்வொரு முறையும் கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்பார், தங்கைக்குச் சில நாள் எரிச்சலே வரும், "அண்ணா, இவங்க யார் பக்கம்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

சரி, விசிட் பற்றிச் சொல்ல வேண்டும், இந்தச் சேவையின் முழு மதிப்பும் எங்களுக்கு அதில்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் பிள்ளைகளைப் பார்ப்பது ஓர் ஆபீஸ் அறையில், ஒருவர் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டே இருப்பார். அந்தக் குறிப்பு கோர்ட்டுக்குப் போகும். பெற்ற பிள்ளையைக் கொஞ்ச ஒருத்தர் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறதே என்று தங்கை நொந்துபோவாள், போய்ப் பாதி நேரம் அழுவாள், அம்மா அழுவதைப் பார்த்துப் பிள்ளைகள் அழும், விசிட்டுக்குப் பிறகு குழந்தைகள் மனம் கலங்கிப்போகிறார்கள் என்று எழுதிவிடுவார்கள். மென்டர் இதற்கு ஆறுதல் சொல்லவில்லை. அழுகையைக் காரில் வைத்து முடித்துவிட்டு உள்ளே போ, போனை வெளியே எடுக்காதே, அரை மணி முன்னதாகவே போய் நில், எப்போது வீட்டுக்குப் போவோம் என்று பிள்ளை கேட்டால் தேதி எதுவும் சொல்லாதே, "அம்மா அதற்காக எல்லா வேலையும் செய்துகொண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல் என்றார். தானும் இப்படி ஓர் அறையில் உட்கார்ந்து, அடுத்த வாரம் வந்துவிடலாம் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்து, அந்த அடுத்த வாரம் வராமல் போனதைச் சொன்னார். அந்தக் கதையை ஒரு கவுன்சலர் சொல்லியிருக்க முடியாது.

பெரியவனுக்கு ஏழு வயது. அவனுக்குத் தங்கை சோற்றைப் பிசைந்து ஊட்டியது குறிப்பில் கொஞ்சம் விசித்திரமாகப் பதிவாகியிருந்தது, வயதுக்கு மீறிச் சார்ந்திருக்கிறான் என்கிற மாதிரி. மென்டருக்கும் இது புதுசுதான். ஆனால் அவர் உடனே, இதை நிறுத்தச் சொல்லமாட்டேன், அடுத்த தடவை ஊட்டுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம் என்று அந்த அறையில் இருப்பவரிடம் நீயே சொல்லிவிடு, கேஸ் ஒர்க்கருக்கு (வழக்கைக் கவனிக்கும் ஏஜென்சி ஊழியர்) இமெயிலும் போடு என்றார். அதன்பிறகு அது பிரச்சினையாக வரவில்லை. அதே மாதிரி மீட்டிங்கில் நம் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம் இல்லையா, மரியாதைக்கு. அங்கே அது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகவும் ஆகலாம், எதையோ மறைப்பதாகவும் ஆகலாம். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல், மொழிபெயர்ப்பாளர் கேள், மத்திய அரசின் பணம் வாங்கும் ஏஜென்சி அதை ஏற்பாடு செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். போனில் பேசிய ஒவ்வொன்றையும் அன்றைக்கே இமெயிலில் எழுதி அனுப்பும் பழக்கமும் அவர் போட்டது. பின்னால் ஒரு விசிட் ரத்தானபோது யார் ரத்து செய்தது என்ற வாதத்தில் அந்த இமெயில்தான் கைகொடுத்தது.

இதெல்லாம் எங்களுக்கு மட்டும் நடந்த அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஐயோவா மாநிலத்தில் 2007 முதல் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது. கலிஃபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா கவுண்டியில் நடந்த திட்டத்தைப் பற்றி 2009இல் வந்த ஆய்வில், துணை கிடைத்த பெற்றோரின் பிள்ளைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் ஓர் ஆண்டுக்குள் வீடு திரும்பினார்கள், ஒப்பிட எடுத்த குழுவில் அது கால்வாசி அளவுதான். சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள் இல்லை, அதனால் முழுக்க மென்டரால்தான் என்று சொல்லிவிட முடியாது, முனைப்பானவர்கள்தான் இந்த உதவியை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் வாதிடலாம். இருந்தாலும் நான் நேரில் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது.

இனி குறைகள். மென்டரின் சொந்த அனுபவம் போதைப் பழக்கம், மீட்பு மையம், அந்தப் பாதை. அதில் அவர் கில்லாடி. தங்கையின் பிரச்சினை அது இல்லை. அடிக்கிற கணவனோடு இருந்த பெண்ணிடம் "உன் பங்கு என்ன என்று யோசி" என்று ஒருநாள் சொல்லிவிட்டார், அது மீட்புக் கூட்டங்களில் புழங்கும் பேச்சு, இங்கே பொருந்தாது. தங்கை அன்று சாப்பிடவே இல்லை. பிறகு நான் போன் செய்து விளக்கியதும் மன்னிப்புக் கேட்டார், குடும்ப வன்முறை தெரிந்த இன்னொருவரையும் சேர்த்துவிட்டார், அது அவர் பெருந்தன்மை. ஆனால் பொருத்தம் பார்த்து மென்டரைக் கொடுக்கிற அளவுக்கு ஆட்கள் இல்லை என்பது நிஜம். அப்புறம் விசா. தங்கைக்கு எச்4 என்ற துணைவர் விசா, எல்லாமே கணவனின் எச்1பி வேலை விசாவில் தொங்குகிறது. அவனை விட்டுப் பிரி என்று கேஸ் பிளான் சொல்கிறது, பிரிந்தால் இந்த நாட்டில் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு மென்டரிடம் பதில் இல்லை. அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, ஆனால் அது எங்கள் வழக்கில் பாதி. தனியாக இமிக்ரேஷன் வக்கீலைப் பார்த்தோம். நம்மவர்கள் இதை முதல் வாரத்திலேயே செய்யவேண்டும்.

தமிழ் பேசும் மென்டர் கிடைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். போனில் மூன்றாவது ஆளாக மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது ராத்திரி பத்து மணிக்கு மனம் விட்டு அழ முடியாது. என் தங்கைக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், அதனால் ஓடியது. ஆண் மென்டர்களும் குறைவு. மச்சானுக்குக் கடைசிவரை யாரும் கிடைக்கவில்லை, அவர் வகுப்புகளில் பின்தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம், வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

பிள்ளைகள் இப்போது தங்கையோடுதான் இருக்கிறார்கள், டிரையல் ஹோம் விசிட் என்ற கட்டம், வழக்கு முடியும் முன் வீட்டில் விட்டுப் பார்ப்பது. கேஸ் ஒர்க்கர் சொல்லாமல் வந்து பார்ப்பார். மென்டரும் இன்னும் கூப்பிடுகிறார், இந்தக் கட்டத்தில்தான் பலர் தளர்ந்து பழையபடி ஆவார்கள் என்கிறார், மளிகை வாங்கினாயா, ராத்திரி தூங்கினாயா என்று கேட்கிறார்.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இது தேவைப்பட்டால், யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை, கோர்ட் வராந்தாவில் இன்னொரு அம்மா பேசியதைக் கேட்டுத்தான் தெரிந்தது. முதல் ஹியரிங்கிலேயே கோர்ட் நியமித்த வக்கீலிடம் கேளுங்கள். மென்டர் வந்த அன்றைக்கே அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், நான் சொல்வது யாருக்குப் போகும்? சில இடங்களில் மென்டர்கள் சிபிஎஸ் ஏஜென்சிக்கே வேலை பார்ப்பவர்கள், சில இடங்களில் தனி அமைப்பு, சில இடங்களில் பெற்றோர் தரப்பு வக்கீல் அலுவலகத்தோடு சேர்ந்தவர்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டிய கடமை அவர்களில் பலருக்கு உண்டு. எங்கள் மென்டர் ஒளிக்காமல் சொன்னார். உங்களுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், விசிட் பற்றியும் வகுப்பு பற்றியும் அவரிடம் பேசுங்கள், வழக்கு பற்றி வக்கீலிடம் மட்டும்.